ரோம் வீழ்ந்ததற்குக் கிறிஸ்தவம் காரணமா? பாடத்தில் குழப்பம், விளக்குங்களேன்

தேன்சிட்டு

எல்லோருக்கும் வணக்கம். பி.ஏ. வரலாறு படிக்கிறேன், தமிழ் வழி. இந்த செமஸ்டரில் ஆதி கிறிஸ்தவம், ரோமப் பேரரசின் வீழ்ச்சி, இடைக்கால ஐரோப்பா மூன்றும் ஒரே தாளில் வருகின்றன. சீனியர்கள் கொடுத்த நோட்ஸில் வீழ்ச்சிக்கான காரணங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்: ஒழுக்கச் சீர்கேடு, ஆடம்பரம், திறமையற்ற பேரரசர்கள், காட்டுமிராண்டிகளின் படையெடுப்பு. நடுவில் "கிறிஸ்தவ சமயத்தின் பரவல்" என்று ஒன்று. அப்படியே எழுதினால் மார்க் வந்துவிடும். ஆனால் படிக்கப் படிக்க இடிக்கிறது.

303-ல் கிறிஸ்தவர்களின் ஆலயங்களை இடிக்க ஆணை. 313-ல் அனுமதி. 380-ல் அதுவே அரசு மதம். ஒரு மனிதனின் ஆயுளுக்குள் இப்படித் தலைகீழாக மாறுமா? அடுத்து, அந்த மதம் வந்துதான் ரோம் பலம் இழந்தது என்றால், பேரரசு போன பிறகு அது மட்டும் எப்படி நின்றது? அப்புறம் இந்த 476. எல்லாப் புத்தகத்திலும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு என்னதான் நடந்தது என்று ஒரு பத்திகூட இல்லை. தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

நாணயப்பித்தன்

காரணப் பட்டியல் போடுவது ஐரோப்பாவிலேயே பழைய வியாதி தம்பி. அலெக்ஸாண்டர் டெமாண்ட் என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர், அதுவரை யார் யார் என்னென்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று திரட்டி 1984-ல் வெளியிட்டார். 210 தேறின. ஈய நச்சு, குளியல் பழக்கம் எல்லாம் அதில் உண்டு.

நான் பழைய காசு சேர்க்கிறவன், அதனால் காசிலிருந்து தொடங்குகிறேன். கிறிஸ்தவம் அரண்மனைக்குள் வருவதற்கு முன்பே ரோம் ஒருமுறை செத்துப் பிழைத்துவிட்டது. 235 முதல் 284 வரை ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள். இயற்கையாக இறந்தவர்கள் மிகச் சிலர். 260-ல் வலேரியன் பாரசீகரிடம் உயிரோடு பிடிபட்டான். 215-ல் காரகல்லா அன்டோனினியானஸ் என்றொரு காசை வெளியிட்டபோது அதில் ஏறக்குறைய பாதி வெள்ளி. 270 வாக்கில் அதே காசு செம்பாகிவிட்டது, மேலே வெள்ளிப் பூச்சு மட்டும். என்னிடம் கல்லியேனஸ் காலத்துக் காசு ஒன்று இருக்கிறது. விளிம்பில் பூச்சு தேய்ந்து சிவப்பு தெரிகிறது. அச்சு விலகி விழுந்ததில் பேரரசரின் மூக்குக்குக் கீழே ஒன்றுமே இல்லை. சம்பளம் போட வேண்டிய அவசரத்தில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

284-ல் டயோக்ளீஷியன் வந்து நிமிர்த்தினான். படை பெருத்தது, மாகாணங்கள் சிறு துண்டுகளாயின, நிலத்துக்கும் தலைக்கும் கணக்குப் போட்டு வரி வாங்கினார்கள். 301-ல் விலைக்கட்டுப்பாட்டு ஆணை. முடி வெட்ட ஆளுக்கு 2 தினாரியஸ், எழுத்துப் பழக்கும் ஆசிரியருக்கு மாணவன் ஒருவனுக்கு மாதம் 50 தினாரியஸ் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். மீறினால் மரண தண்டனை. சந்தை அதை மதிக்கவில்லை, சில ஆண்டுகளில் ஆணை செல்லாக்காசானது. இவ்வளவும் நடக்கும்போது சிலுவைக்கும் ஆட்சிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மறைநூல்வாசகன்

முதல் கேள்விக்கு நான் வருகிறேன். இறையியல் கொஞ்சம் படித்தவன், சார்பு இருந்தால் மன்னியுங்கள்.

"துன்புறுத்தல்" என்றதும் முந்நூறு ஆண்டுகளும் சிங்கத்துக்கு இரையாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 112 வாக்கில் கருங்கடல் ஓரத்து பித்தினியா மாகாண ஆளுநர் இளைய பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இந்த ஆட்களை என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், சொன்ன சொல் தவற மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு சேர்ந்து சாப்பிடுகிறார்கள். இதை உறுதிசெய்ய சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களை வதைத்து விசாரித்ததாகவும் கூசாமல் எழுதுகிறார். டிராஜனின் பதில் சுருக்கம்: தேடிப் போகாதே, பெயர் போடாத மொட்டைக் கடுதாசியை ஏற்காதே, பிடிபட்டு மறுத்தால் விட்டுவிடு, பிடிவாதம் பிடித்தால் தண்டி.

பேரரசு முழுவதற்குமான முதல் கெடுபிடி பேரரசர் டீசியஸ் காலத்தில். எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தின் வறண்ட மணலில் அந்தப் பப்பைரஸ் சான்றிதழ்கள் பல கிடைத்திருக்கின்றன. 250 ஜூன் மாதத்துச் சான்று ஒன்றில் அவுரேலியஸ் டயோஜனிஸ் என்ற கிராமத்துக் கிழவர், வயது 72, வலது புருவத்தில் தழும்பு என்று அங்க அடையாளத்தோடு மனுப் போடுகிறார்: எப்போதும் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் கண்முன்னே மது வார்த்து, பலியிட்டு, படையலை உண்டேன், சான்றளியுங்கள். வேடிக்கை என்னவென்றால், முதலைத் தெய்வக் கோயிலின் பூசாரிப் பெண்கூட இதே சான்றிதழ் வாங்கியிருக்கிறார். அரசாங்கம் என்றால் அப்படித்தான்.

இந்தச் சபைக்குள் என்ன பலம் இருந்தது என்பதற்கு அடுத்த ஆண்டே ஒரு கணக்குக் கிடைக்கிறது. ரோம் ஆயர் கொர்னேலியுஸ் 251-ல் எழுதிய கடிதம்: 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், 42 பீடத்துணைவர்கள், இன்னும் பலர். அவர்களோடு 1,500-க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் ஏழைகளையும் சபை பராமரிக்கிறது. கோதுமை வாங்கி, பங்கிட்டு, யார் பசித்திருக்கிறார்கள் என்று பெயர்ப்பட்டியல் வைத்திருக்கும் அமைப்பு அது. நூறாண்டு கழித்து, பழைய தெய்வங்களை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன் (361–363) தன் பூசாரி ஒருவருக்குப் புலம்பி எழுதுகிறார்: அந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நாம் சும்மா இருக்கிறோம்.

ஆக 313-ல் பேரரசர் கான்ஸ்டன்டைன் வெறுங்கையோடு இருந்தவர்களைத் தூக்கி நிறுத்தவில்லை. ஊருக்கு ஊர் தலைவர், நிதி, கடிதப் போக்குவரத்து உள்ள ஓர் அமைப்போடு கை கோத்தார். அவருக்கும் முன்னால் 311-லேயே, துன்புறுத்தலில் முன்னின்ற பேரரசர் கலேரியஸ் சாகும் தறுவாயில் தடையை நீக்கி, எங்களுக்காகவும் உங்கள் கடவுளிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று ஆணையிலேயே கேட்டுக்கொண்டார். அதை நோட்ஸில் போடுவதில்லை. கான்ஸ்டன்டைன் 325-ல் ஆயர்களை அழைத்து நிசேயா சங்கத்தைக் கூட்டியபோது இன்னும் திருமுழுக்குப் பெறவில்லை. பெற்றது 337-ல், மரணப்படுக்கையில். 380-ன் ஆணை பேரரசர் தியோடோசியஸுடையது. அதன் குறி கிறிஸ்துவைத் தந்தைக்கு இணையாக ஏற்காத ஆரியவாதக் கிறிஸ்தவர்கள். கோயில் பலிகளுக்கு முழுத் தடை 391, 392-ல் தனியாக வருகிறது.

கரிசல்வெயில்

நல்ல வரலாறு. ஆனால் சோறு போட்ட கதையோடு நிறுத்திவிட்டால் எப்படி? அதிகாரம் கைக்கு வந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 391 வாக்கில் அலெக்சாந்திரியாவில் செராபிஸ் கோயில் இடிக்கப்பட்டது. 415-ல் அதே ஊரில் கணித ஆசிரியை ஹைப்பேஷியாவைக் கும்பல் கொன்றது. 529-ல் கிழக்குப் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்சில் தத்துவம் கற்பிப்பதை நிறுத்தினார்.

கேள்விக்கே வருகிறேன். கிறிஸ்தவமும் ரோமைப் பலவீனப்படுத்தியது என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் கிப்பன் 1776-ல் வெளியிடத் தொடங்கிய நூலில் சொன்னதை இன்றைக்கு எல்லோரும் "பழைய வாதம்" என்று ஒதுக்குகிறார்கள். அவர் சொன்னதில் ஒரு பகுதியாவது நிற்கும் என்பது என் கருத்து. மிலானில் ஆளுநராக இருந்த அம்புரோஸ், 374-ல் திருமுழுக்குக்கூடப் பெறாத நிலையில் மக்கள் கூச்சலிட்டதால் சில நாளில் ஆயர் ஆக்கப்பட்டார். அரசு நிர்வாகத்தின் முதல் தர மூளை சபைக்குப் போனது. இப்படி எத்தனை பேர்! கான்ஸ்டன்டைன் குருக்களுக்கு நகரமன்றப் பொறுப்பிலிருந்து விலக்குக் கொடுத்தார். வரி வசூலில் துண்டு விழுந்தால் கைக்காசைப் போட வேண்டிய பொறுப்பு அது. பணக்காரர்கள் குருப்பட்டம் பெற்றுக்கொண்டு தப்பித்தார்கள், அதைத் தடுக்கப் பின்னால் சட்டம் மேல் சட்டம் போட வேண்டியிருந்தது. வட ஆப்பிரிக்காவில் தொனாத்துவாதிகள் என்ற பிரிந்துபோன கிறிஸ்தவர்களோடு நூறாண்டுக்கு மேல் சண்டை. இதெல்லாம் பேரரசுக்கு பலமா?

ஏட்டுச்சுவடி

கரிசல் சொன்ன உண்மைகளில் பிசகில்லை. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. தேன்சிட்டு, ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கிறிஸ்தவம் கொன்றது என்றால், பேரரசின் கிழக்குப் பாதி ஏன் சாகவில்லை? அதன் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில், சிரியாவில், எகிப்தில் கிறிஸ்தவர்கள் மேற்கைவிட அதிகம், துறவிகள் அதிகம், சமயச் சண்டையும் அதிகம். அந்தப் பாதி 1453 வரை இருந்தது. மேற்கைத் தாக்கியவர்களும் கிறிஸ்தவர்களே. உல்ஃபிலா நாலாம் நூற்றாண்டிலேயே கோத்தியருக்கு விவிலியத்தை அவர்கள் மொழியில் கொடுத்துவிட்டார். 410-ல் கோத்திய மன்னன் அலாரிக் ரோமைக் கொள்ளையடித்தபோது பேதுரு, பவுல் ஆலயங்களுக்குள் ஓடியவர்களைத் தொடக்கூடாது என்று தன் படைக்குச் சொன்னான்.

மேற்கு செத்தது வரி வராமல். இதை ஆற அமரச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோட்ஸ் போடுகிறவர்கள் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

376-ல் ஹூணர்களுக்கு அஞ்சிய கோத்தியர் டான்யூப் கரைக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். ரோம் அனுமதித்தது. சோறு போட வேண்டிய அதிகாரிகள் கறுப்புச் சந்தை நடத்தினார்கள். ஒரு நாயைக் கொடுத்து ஓர் ஆளை அடிமையாக வாங்கினார்கள் என்று அம்மியானஸ் எழுதுகிறார். அவர் ரோமப் படையில் இருந்தவர், எதிரிக்குப் பரிந்து பேச வேண்டிய தேவை இல்லாதவர். இரண்டே ஆண்டில் கலகம் போராகி, 378-ல் அட்ரியனோபிளில் கிழக்குப் பேரரசர் வாலன்ஸும் அவர் படையில் மூன்றில் இரண்டு பங்கும் அழிந்தன. 406 டிசம்பர் கடைசியில் வாண்டல்களும் சுவேபிகளும் ஆலன்களும் ரைன் நதியைத் தாண்டினார்கள். கோல் (இன்றைய பிரான்ஸ் பகுதி) பாழானது, ஸ்பெயின் போனது. பிரிட்டனிலிருந்து படை கிளம்பியது, திரும்பவில்லை.

இருந்தும் மேற்கு பிழைத்திருக்கலாம். உண்மையான அடி 439. வாண்டல் மன்னன் கெய்செரிக் கார்த்தேஜைப் பிடித்தான். ரோமுக்கு வந்த தானியம், எண்ணெய், வரி எல்லாவற்றுக்கும் அதுதான் ஊற்று, அதுவரை போர் மிதிக்காத மாகாணம். இதற்குப் பிறகு வந்த சட்டங்களைப் படித்தால் பரிதாபமாக இருக்கும். 444-ல் மூன்றாம் வாலன்டினியன் பெயரில் வந்த ஆணை, புதிதாகச் சேர்க்கும் வீரர்களுக்கு மட்டுமல்ல, இருக்கிற பழைய படைக்கே சோறும் துணியும் கொடுக்க வருமானம் போதவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. அதற்காக விற்பனையில் இருபத்து நாலில் ஒரு பங்கு புது வரி. முதலை விற்று வட்டி கட்டுகிற கதை. மாகாணம் போனால் வரி போகும், வரி போனால் படை குறையும், படை குறைந்தால் அடுத்த மாகாணம் போகும். 468-ல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து பெரும் கப்பற்படை அனுப்பி ஆப்பிரிக்காவை மீட்கப் பார்த்தன. கெய்செரிக் தீப்படகுகளை விட்டு அதைக் கொளுத்தினான். அதோடு சரி.

எல்லைக் கோட்டை ஒன்றில் இது எப்படி முடிந்தது என்று ஒரு காட்சி எழுத்தில் தங்கியிருக்கிறது. இன்றைய பாசவு நகரம் இருக்கும் இடத்தில் பத்தாவிஸ் என்ற ரோமக் காவல்படை. அந்தப் பகுதியில் வாழ்ந்த துறவி செவரினுஸின் வரலாற்றை அவர் சீடர் யூஜிப்பியுஸ் 511 வாக்கில் எழுதினார். மற்ற ஊர்களில் சம்பளம் நின்றதும் படை கலைந்துவிட்டது, பத்தாவிஸ் படை மட்டும் விடாமல் நின்றது என்கிறார். கடைசிச் சம்பளத்தை வாங்கி வரச் சிலர் இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். வழியிலேயே வெட்டப்பட்டார்கள். கோட்டையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. ஆற்றில் உடல்கள் கரை ஒதுங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒழுக்கச் சீர்கேடு, ஆடம்பரம் என்று எழுதும்போது, சம்பளம் வரும் என்று நம்பி ஆல்ப்ஸ் மலையைக் கடக்கக் கிளம்பிய இந்த ஆட்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடலோடி

இடையில் ஒரு செய்தி. அலாரிக் 408-ல் முதல்முறை ரோமை முற்றுகையிட்டு விலக என்ன கேட்டான் தெரியுமா? 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள், சிவப்புச் சாயமிட்ட 3,000 தோல்கள், இவற்றோடு 3,000 ராத்தல் மிளகு. நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு டன். நம் மேற்குக் கரையிலிருந்து போன சரக்கு. யவனர் கலம் பொன்னோடு வந்து கறியோடு (மிளகோடு) திரும்பும் என்று அகநானூறு சொல்கிற அதே முசிறி வணிகத்தின் பின்தொடர்ச்சி. முற்றுகையில் பட்டினி கிடந்த ஊரால் அதைத் திரட்டிக் கொடுக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

நாணயப்பித்தன்

அருமை. இன்னொன்றும் சேர்க்கலாம். நாலாம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகள் கரூர், மதுரைப் பக்கமும் இலங்கையிலும் கிடைக்கின்றன. மேற்கு ஆட்டம் கண்டபோதும் வணிகம் ஓடியிருக்கிறது. கான்ஸ்டன்டைன் ஒரு ராத்தல் பொன்னில் 72 அடித்த சாலிடஸ் பொற்காசு, கிழக்கில் பதினோராம் நூற்றாண்டு வரை தரம் குறையாமல் இருந்தது. ஏட்டுச்சுவடி கேட்ட "கிழக்கு ஏன் சாகவில்லை" என்பதற்குப் பாதிப் பதில் அந்தக் காசு. எகிப்தின் தானியமும் சிரியாவின் வரியும் கைவிட்டுப் போகாதவரை அவர்களால் தாக்க வந்தவனுக்குப் பொன் கொடுத்துத் திருப்பி அனுப்ப முடிந்தது. மீதிப் பாதி 413-ல் கான்ஸ்டான்டிநோபிளுக்கு எழுந்த மதில்.

தேன்சிட்டு

நன்றி ஐயா, எல்லோருக்கும். பத்தாவிஸ் கதையை அறைத்தோழிகளுக்குப் படித்துக் காட்டினேன். 476-க்கு யாரும் வரவில்லையே? அப்புறம், பேரரசு போனது சாதாரண மக்களுக்கு ஒரு மாற்றமாகத் தெரிந்ததா? "வீழ்ச்சி இல்லை, உருமாற்றம்தான்" என்று ஒரு காணொளியில் கேட்டேன். எது சரி?

ஏட்டுச்சுவடி

476-ல் பெரும் போர் ஏதும் இல்லை. இத்தாலியில் இருந்த கூலிப்படையினர் தங்களுக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸைச் சிம்மாசனத்தில் வைத்து ஆட்டுவித்த தந்தை ஒரெஸ்டஸ் மறுத்தான். படை ஓடோவாசரைத் தலைவனாக்கி ஒரெஸ்டஸைக் கொன்றது. செப்டம்பர் 4-ல் ரவென்னாவில் பையனை இறக்கினார்கள். சின்னப் பையன் என்று இரங்கி, ஆண்டுக்கு உதவித்தொகை கொடுத்து கம்பானியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பேரரசுச் சின்னங்கள் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போயின, இங்கே தனிப் பேரரசர் வேண்டாம் என்ற சேதியோடு. இன்னொரு விஷயம்: கிழக்கு ஏற்றுக்கொண்டிருந்த மேற்குப் பேரரசர் ரோமுலஸ் இல்லை, ஜூலியஸ் நெப்போஸ். அவர் டால்மேஷியாவில் 480 வரை உயிரோடு இருந்தார். ரோமில் செனட் கூடியது, வரி வாங்கினார்கள், கன்சல்கள் நியமிக்கப்பட்டார்கள். மேற்குப் பேரரசு இத்தோடு முடிந்தது என்று 476-ஐக் குறிப்பிட்டு எழுதியவர் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த மார்செல்லினுஸ், அதுவும் ஆறாம் நூற்றாண்டில்.

நாணயப்பித்தன்

ஆனால் "உருமாற்றம்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது நூல்களை மட்டும் படிப்பவர்கள் சொல்வது. மண்ணைத் தோண்டினால் வேறு கதை. ரோமில் மோன்தே தெஸ்தாச்சோ என்று ஒரு குன்று, சுமார் 35 மீட்டர் உயரம். முழுக்க உடைந்த எண்ணெய்ச் சாடிகள். பெரும்பாலும் தென் ஸ்பெயினிலிருந்து வந்தவை, கோடிக்கணக்கில். பல ஓடுகளில் வெறும் சாடியின் எடை, எண்ணெயின் எடை, அனுப்பிய வணிகர் பெயர், ஆண்டு எல்லாம் மையில் எழுதியிருக்கிறது. இப்படி ஓர் ஏற்பாடு இருந்ததால்தான் சாதாரணக் குடியானவன் வீட்டிலும் சக்கரத்தில் வனைந்த நல்ல மட்பாண்டமும் கூரையில் ஓடும் இருந்தன. பிரிட்டனில் ஐந்தாம் நூற்றாண்டில் குயவர் சக்கரமே காணாமல் போகிறது. புதுக் காசு வரத்து நின்றுவிட்டது. கிரீன்லாந்துப் பனியடுக்கில் ஈயத் தூசியை அளந்திருக்கிறார்கள், பேரரசின் நல்ல நாளில் வெள்ளி உருக்கிய புகை அது. பிறகு சரிந்துவிடுகிறது. இதற்கு உருமாற்றம் என்று பெயர் வைத்தால் கூரை இழந்தவன் சிரிப்பான்.

மறைநூல்வாசகன்

இடத்துக்கு இடம் மாறும் என்று எழுதுங்கள் தேன்சிட்டு. பிரிட்டனில் நாணயப்பித்தன் சொல்வதுதான் நடந்தது. இத்தாலியில் கோத்திய மன்னன் தியோடோரிக் (493–526) காலத்தில் வாழ்க்கை ஓரளவு ஒழுங்காகவே ஓடியது. அதைக் கெடுத்தது, ரோமை "மீட்க" வந்த ரோமர்கள்தான். ஜஸ்டினியனின் போர் 535-ல் தொடங்கி இருபது ஆண்டு நீண்டது. 537-ல் முற்றுகையிட்ட கோத்தியர் ரோமின் நீர்க் கால்வாய்களை வெட்டினார்கள். 541-ல் கொள்ளைநோய் வந்தது.

கோலில் இன்னொரு மாதிரி. சிடோனியஸ் அப்பொல்லினாரிஸ் பெரும் பணக்காரர், பேரரசர் ஒருவரின் மருமகன். தலையில் ஊசல் வெண்ணெய் தடவிய பர்கண்டியர்கள் விடியற்காலையிலேயே வெங்காய நாற்றத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், கவிதை எங்கே வரும் என்று சலித்துக்கொள்கிறார். 470 வாக்கில் அவரே கிளெர்மோன் ஆயர். விசிகோத்தியர் ஊரை முற்றுகையிட்டபோது மதில்மேல் மக்களைத் திடப்படுத்தியவர் அவர்தான். 475-ல் பேரரசு புரொவென்ஸைக் காப்பாற்ற அந்த ஊரையே எதிரிக்குத் தாரைவார்த்தது. சபை ஏன் நின்றது என்று கேட்டீர்களே, இதுதான் விடை. ஒவ்வொரு ரோம நகரத்திலும் ஓர் ஆயர் இருந்தார். ஆளுநர் கிளம்பிப் போனார், ஆயர் போகவில்லை. நிலம் இருந்தது, எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் இருந்தார்கள், ஏழைகளின் பெயர்ப்பட்டியல் இருந்தது. 452-ல் அட்டிலாவைச் சந்தித்துப் பேசியது போப் லியோ என்று ஓவியம் வரைவார்கள். கூட அவியேனுஸ், திரிகேத்தியுஸ் என்று இரண்டு உயர் அரசு அதிகாரிகளும் போனார்கள். ஓவியத்தில் அவர்களுக்கு இடமில்லை. 590-ல் போப்பான முதலாம் கிரகோரி அதற்குமுன் ரோம் நகர நிர்வாகத் தலைவராகவே இருந்தவர், சிசிலியில் சபைக்கு இருந்த நிலத்திலிருந்து தானியம் வரவழைத்து ஊருக்குச் சோறு போட்டார். கொர்னேலியுஸின் 1,500 பேர் பட்டியல் வளர்ந்து நகர நிர்வாகமே ஆகிவிட்டது.

கரிசல்வெயில்

ஆளில்லாத நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீழே இருந்தவன் நிலை? 332-ல் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டம், ஓடிப்போக நினைக்கும் குத்தகைக் குடியானவனை அடிமைபோல விலங்கிடலாம் என்கிறது. 440களில் மார்செய் குரு சால்வியான், வரிக்கொடுமை தாங்காமல் ஏழை ரோமர்கள் காட்டுமிராண்டிகளிடம் ஓடுகிறார்கள் என்று எழுதுகிறார். பிற்காலப் பண்ணையடிமை முறையின் வேர் இங்கே இருக்கிறது. கிறிஸ்தவ அரசு அதை அறுக்கவில்லை, மடங்களே பெரும் பண்ணைகள் ஆயின. பிராங்கிய மன்னன் சார்லமேன் 800 கிறிஸ்துமஸ் அன்று ரோமில் முடி சூடிக்கொண்டபோது உழுதவன் காலில் அந்தக் கயிறு அப்படியே இருந்தது.

ஏட்டுச்சுவடி

சால்வியான் சொன்னதைத் தேர்வில் கட்டாயம் எழுதலாம். பேரரசு யாருக்காக இருந்தது என்று கேட்க வைக்கும் சாட்சி அது. ஆனால் "இருண்ட காலம்" என்று ஒரே பூச்சாகப் பூசிவிடாதீர்கள். அந்தப் பெயர் பதினாலாம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கிளப்பிவிட்டது, அவருக்குப் பழைய லத்தீன் மீது மோகம். 1086-ல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் 5,000-க்கும் மேற்பட்ட நீராலைகள். கனத்த கலப்பையும் மூன்று வயல் சுழற்சியும் வடக்கின் களிமண்ணைச் சோறாக்கின. உலகம் தட்டை என்று நம்பினார்கள் என்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய கதை. படித்தவர்களுக்கு உருண்டை என்பது தெரியும், பதிமூன்றாம் நூற்றாண்டில் சக்ரபோஸ்கோவின் கோளப் பாடநூல் பல்கலைக்கழகங்களில் ஓடியது.

துறவு மடங்கள் நூலைக் காத்தனவா, அழித்தனவா என்ற சண்டைக்கு ஒரே ஏட்டைக் காட்டலாம். வட இத்தாலியில் போபியோ மடம். ஏழாம் நூற்றாண்டில் அங்கே தோல் ஏட்டுக்குப் பஞ்சம். பழைய நூல் ஒன்றைச் சுரண்டிக் கழுவி, அதன்மேல் திருப்பாடல்களுக்கு அகுஸ்தீன் எழுதிய உரையைப் படியெடுத்தார்கள். 1819-ல் வத்திக்கான் நூலகத்தில் ஆஞ்சலோ மாய் அந்த உரைக்கு அடியில் பெரிய எழுத்துகள் மங்கலாகத் தெரிவதைக் கண்டார். சிசரோ குடியரசு பற்றி எழுதிய நூல், அதன் பெரும்பகுதிக்கு வேறு பிரதியே இல்லை. கரிசல், சுரண்டிய துறவியைத் திட்டுங்கள். ஏட்டை ஆயிரத்து சொச்சம் ஆண்டு அலமாரியில் வைத்திருந்தவர்களையும் சொல்லுங்கள்.

கரிசல்வெயில்

சுரண்டாமல் வைத்திருக்கலாமே.

தேன்சிட்டு

இப்போது ஒரு வழி தெரிகிறது. காரணப் பட்டியலை நாலு வரியில் முடித்துவிட்டு, 439, 444, பத்தாவிஸ், கிழக்கு நின்றது என்று எழுதப் போகிறேன். கரிசல் அண்ணா சொன்ன அம்புரோஸையும் நகரமன்ற விலக்கையும் எதிர்வாதமாக வைக்கிறேன். கடைசியாக ஒன்று. 1077-ல் வட இத்தாலியின் கானோசாவில் ஜெர்மானிய மன்னன் நாலாம் ஹென்றி மூன்று நாள் பனியில் நின்று போப் ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புக் கேட்டான், இது "போப்பாண்டவரின் மாபெரும் வெற்றி" என்று நோட்ஸில் இருக்கிறது. அப்படியா?

மறைநூல்வாசகன்

அந்த ஜனவரியில் உண்மையில் சிக்கிக்கொண்டவர் போப்தான். மன்னனுக்கு எதிராக ஜெர்மானியப் பிரபுக்களோடு சேர அவர் வடக்கே போய்க்கொண்டிருந்தார். ஆயர்களை நியமிப்பது யார் என்பதுதான் சண்டை, மன்னனைச் சபையிலிருந்து விலக்கியும் ஆயிற்று. அந்த நேரத்தில் ஹென்றி தவசியைப் போல வெறுங்காலோடு வாசலில் வந்து நின்றுவிட்டான். மனம் வருந்தி வந்தவனைக் குருவானவர் எப்படித் திருப்பி அனுப்புவார்? மன்னித்தார், பிரபுக்களோடு அவர் சேர இருந்த கூட்டணி உடைந்தது. 1080-ல் மறுபடி விலக்கினார், அந்த முறை அது பலிக்கவில்லை. 1084-ல் ஹென்றி ரோமுக்குள் நுழைந்து தன் ஆளையே போப்பாக்கி அவர் கையால் முடி சூடிக்கொண்டான். கிரகோரி 1085-ல் சலெர்னோவில் நாடுகடந்த நிலையில் இறந்தார். நியமனச் சண்டை 1122-ல் வோர்ம்ஸ் உடன்பாட்டில்தான் ஓய்ந்தது, அதுவும் பாதிக்குப் பாதி: மோதிரமும் கோலும் சபை கொடுக்கும், நிலமும் ஆட்சியுரிமையும் மன்னன் கொடுப்பான். கானோசாவை வெற்றி என்று எழுதினால் 1080, 1084, 1085, 1122 ஆகிய இந்த ஆண்டுகளையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.